யாரும் அழைக்காத செயற்கூறு: கெர்னல் நிரலில் கம்பைலர் எச்சரிக்கும்போது என்ன செய்வது?

கேள்வி இதுதான். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு ஒரு சாதன ட்ரைவர் எழுதியிருக்கிறீர்கள். அதில் சாதனத்தை உறங்கவைக்கும் சஸ்பெண்ட், எழுப்பும் ரெஸ்யூம் என்று இரண்டு ஸ்டாட்டிக் செயற்கூறுகள் (ஃபங்ஷன்கள்) இருக்கின்றன. உங்கள் கணினியில் ஓர் எச்சரிக்கையும் இல்லாமல் கம்பைல் ஆகிறது. உறக்க நிலை வசதியை அணைத்துவிட்டு வேறொருவர் பில்ட் செய்தால், ‘வரையறுக்கப்பட்டிருக்கிறது, பயன்படுத்தப்படவில்லை’ என்று இரண்டையும் சுட்டிக்காட்டி ஜிசிசி கம்பைலர் எச்சரிக்கிறது. ஒரு தேர்வு இருந்தால் மட்டும் நிரலைக் கம்பைலருக்குக் காட்டும் இஃப்டெஃப் போட்டு மூடிவிடலாமா, எச்சரிக்காதே என்று கம்பைலருக்குச் சொல்லும் அட்ரிபியூட் ஒட்டிவிடலாமா, பில்ட் விதிகள் உள்ள மேக்ஃபைலில் அந்த எச்சரிக்கையையே அணைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் ட்ரைவருக்கு மட்டும் பதில் வேண்டுமென்றால், மூன்றும் வேண்டாம். 5.17 கெர்னலிலிருந்து இதற்கென்றே மேக்ரோக்கள் (கம்பைலுக்கு முன் வேறு நிரலாக விரியும் பெயர்கள்) இருக்கின்றன. அவற்றைக் கீழே விளக்குகிறேன். ஆனால் இதே எச்சரிக்கை நாளை வேறொரு கோப்பில் வேறொரு காரணத்துக்காக வரும். காரணத்துக்கு ஏற்ப மருந்தும் மாறும். ஆகவே காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழியையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

முதலில், கம்பைலருக்கு என்ன தெரியும் என்று பார்ப்போம். சி மொழியில் கம்பைலர் ஒரு நேரத்தில் ஒரு கோப்பைத்தான் பார்க்கிறது. ஸ்டாட்டிக் என்று அறிவிக்கப்பட்ட செயற்கூற்றின் பெயர் அந்தக் கோப்பை விட்டு வெளியே போகாது. எனவே கோப்பின் கடைசி வரியை எட்டும்போது, இந்தப் பெயரை யாரும் அழைக்கவில்லை, இதன் முகவரியையும் யாரும் எடுக்கவில்லை என்று கம்பைலரால் உறுதியாகச் சொல்ல முடிகிறது. ஸ்டாட்டிக் இல்லாத செயற்கூற்றைப் பற்றி அதனால் அப்படிச் சொல்ல முடியாது. வேறொரு சி கோப்பிலிருந்து கம்பைல் ஆன ஆப்ஜெக்ட் கோப்பில் அதை அழைப்பவர் இருக்கலாம். வழக்கமான எச்சரிக்கைகள் அனைத்தையும் கேட்கும் டபிள்யூ-ஆல் கொடியிலேயே இந்தச் சோதனையும் அடங்கியிருக்கிறது.

அழைக்கும் இடத்திலேயே விரிக்கலாம் என்று குறிக்கப்பட்ட ஸ்டாட்டிக் இன்லைன் செயற்கூறுகள் விஷயத்தில் ஜிசிசி, கிளாங் என்ற இரண்டு கம்பைலர்களும் வேறுபடுகின்றன. இன்லைன் என்று இருந்தால் ஜிசிசி இந்த எச்சரிக்கையைத் தருவதே இல்லை. கிளாங் அப்படியல்ல. பல சி கோப்புகள் சேர்த்துக்கொள்ளும் தலைப்புக் கோப்பில் இருந்தால் கண்டுகொள்ளாது. சி கோப்பிலேயே எழுதப்பட்டிருந்தால் சொல்லிவிடும். லினக்ஸ் கெர்னல் தன் மேக்ரோக்களால் வழக்கமான பில்டில் இந்த வேறுபாட்டை மறைத்துவைக்கிறது. கூடுதல் எச்சரிக்கைகளைக் கேட்டு பில்ட் செய்யும்போது கிளாங் அவற்றையும் காட்டும். ஜிசிசியில் சுத்தமாக வந்த ஒரு கோப்பு கிளாங்கில் முணுமுணுத்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். இதன் மறுபக்கமும் உண்டு. தலைப்புக் கோப்பில் ஒரு செயற்கூற்றை இன்லைன் இல்லாமல் வெறும் ஸ்டாட்டிக் என்று எழுதிவிட்டால், அதைச் சேர்த்துக்கொண்டு பயன்படுத்தாத ஒவ்வொரு சி கோப்பும் எச்சரிக்கும். ஒரே பெயர் பத்துக் கோப்புகளில் எச்சரிக்கையாக வந்தால் தலைப்புக் கோப்பைத் திறந்து இன்லைன் சேர்த்தால் போதும்.

சாதாரணப் பயன்பாட்டு நிரலில் இந்த எச்சரிக்கை அபூர்வமாகத்தான் வரும். வந்தால் பெரும்பாலும் அழித்துவிட்டுப் போகலாம். இயங்குதள நிரலில் அடிக்கடி வருகிறது. ஒரே சி கோப்பு, எந்தெந்த வசதிகள் வேண்டும் என்று பில்டுக்கு முன் குறிக்கும் கான்ஃபிக் தேர்வுகளைப் பொறுத்து எண்ணற்ற வடிவங்களில் கம்பைல் ஆகிறது. அது மட்டுமல்ல, இங்கே அழைப்பு எப்போதும் சி மொழியில் நடப்பதில்லை. அசெம்ப்ளியிலிருந்து வரும், ஆப்ஜெக்ட் கோப்புகளை இணைக்கும் லிங்கர் அடுக்கிவைத்த அட்டவணையிலிருந்து வரும், வன்பொருள் குறுக்கீட்டிலிருந்து வரும். இவை எதுவும் கம்பைலரின் கண்ணுக்குத் தெரியாது.

எனவே எச்சரிக்கையைப் பார்த்ததும் ‘இதை எப்படி நிறுத்துவது’ என்று யோசிக்காதீர்கள். ‘இதை யார் அழைத்திருக்க வேண்டும்’ என்று கேளுங்கள். ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் இதற்காக மூன்று வாரங்களைத் தொலைத்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெட்வொர்க் ட்ரைவரைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. 64 எம்பி நினைவகம் கொண்ட சிறிய பலகையில் அது ஓடியது. சில நாட்கள் ஓடியபின் நினைவகம் போதவில்லை என்று பலகை நின்றுவிடும். எந்தச் செயலி நினைவகத்தைத் தின்கிறது என்று தேடித் தேடிச் சலித்துப்போனோம். கடைசியில் பார்த்தால், நெட்வொர்க் இடைமுகத்தை இறக்கி ஏற்றும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 512 கேபி காணாமல் போய்க்கொண்டிருந்தது. வரும் தரவை வாங்கிவைக்கும் பெறும் வளையத்தில் 256 பஃபர்கள், ஒவ்வொன்றும் 2048 பைட். பெருக்கிப் பார்த்தால் அதே 512 கேபி. ட்ரைவரைத் திறந்தேன். பெறும் வளையத்தை விடுவிக்கும் செயற்கூறு அழகாக, பிழையே இல்லாமல் எழுதப்பட்டிருந்தது. அதன் தலையில் ‘பயன்படாமல் போகலாம், எச்சரிக்காதே’ என்று பொருள்படும் மேபி அன்யூஸ்டு என்ற அட்ரிபியூட் ஒட்டியிருந்தது. அதை யாருமே அழைக்கவில்லை.

நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் வரலாற்றைப் பார்த்தபோது எல்லாம் விளங்கியது. முன்பு நிறுத்தும் செயற்கூறு அதை அழைத்துக்கொண்டிருந்தது. யாரோ அந்த நிறுத்தும் செயற்கூற்றை இரண்டாகப் பிரித்தபோது அந்த ஒரு வரி தவறிவிட்டது. கம்பைலர் அன்றே சொல்லிவிட்டது. அடுத்த பேட்சிலேயே (மாற்றத் தொகுப்பிலேயே) ‘பில்ட் எச்சரிக்கையைச் சரிசெய்தல்’ என்ற குறிப்புடன் அட்ரிபியூட் ஒட்டப்பட்டிருந்தது. எச்சரிக்கை போய்விட்டது, கசிவு தங்கிவிட்டது. திருத்தம் ஒரே வரி: அழைப்பைத் திரும்ப வைத்தோம், அட்ரிபியூட்டை எடுத்தோம்.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எச்சரிக்கை வந்த பெயரை கிட் லாக் கட்டளையின் பெரிய எழுத்து எஸ் விருப்பத்துக்குக் கொடுத்துத் தேடுகிறேன். ஒரு சரம் கோப்பில் எத்தனை முறை வருகிறது என்ற எண்ணிக்கை மாறிய பேட்ச்களை மட்டும் அது காட்டும். கடைசியாக அழைத்தவர் எந்தப் பேட்ச்சில் போனார், வேண்டுமென்றே எடுத்தார்களா, கைதவறிப் போனதா என்பது பெரும்பாலும் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். கோப்புகளில் பெயரைத் தேடும் வெறும் கிரெப் போதாது. கெர்னலில் மேக்ரோக்கள் பெயர்களை ஒட்டிச் சேர்க்கின்றன. சாதன விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ் பண்புகளை அறிவிக்கும் டிவைஸ் ஆட்டர் ஆர்ஓ மேக்ரோவுக்கு வெறும் பெயரைத்தான் கொடுக்கிறோம். அதன் வாலில் ஷோ என்பதை மேக்ரோ தானே ஒட்டிக்கொள்கிறது. முழுப் பெயரைத் தேடினால் வரையறை மட்டும் கிடைக்கும், அழைப்பவர் இல்லை என்று தோன்றும். இதில் கம்பைலரை நம்பலாம், ஏனென்றால் அது மேக்ரோக்களை விரித்த பிறகே பார்க்கிறது. ஆனால் எந்தக் கான்ஃபிக்கில் விரித்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

தேடியபின், எந்தக் கான்ஃபிக்கிலும் யாரும் அழைப்பதில்லை, அழைக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று உறுதியானால் அழித்துவிடுங்கள். ‘பின்னால் தேவைப்படலாம்’ என்று வைத்திருக்க வேண்டாம். கிட்டில் அது பத்திரமாக இருக்கிறது. அழைக்கப்படாத நிரலை யாரும் சோதிப்பதில்லை. சுற்றியுள்ள இடைமுகங்கள் மாறும்போது அதையும் பெயருக்குத் திருத்திக்கொண்டே போவார்கள். தேவைப்படும் நாளில் அது வேலை செய்யாது. அழித்தபின் மீண்டும் ஒருமுறை கம்பைல் செய்யுங்கள். அழித்த செயற்கூறு மட்டுமே அழைத்துக்கொண்டிருந்த இன்னொன்று இப்போது புதிதாக எச்சரிக்கும். சில சமயம் மூன்று நான்கு அடுக்குகள் கழன்றுவரும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை: வன்பொருளின் ஏதாவது பதிவேட்டு வரிசை அந்தச் செயற்கூற்றில் மட்டுமே எழுதப்பட்டிருந்தால், அதைப் பேட்ச் குறிப்பில் எழுதிவிட்டு அழியுங்கள். ஆவணம் கிடைக்காத சில்லுகளுக்கு அதுவே ஆவணம்.

இனி உங்கள் வழக்கு: ஒரு கான்ஃபிக்கில் பயன்படுகிறது, இன்னொன்றில் பயன்படவில்லை. இதில்தான் பெரும்பாலானோர் இஃப்டெஃப் பக்கம் போகிறார்கள். ஏன் கூடாது என்று உங்கள் ட்ரைவரை வைத்தே காட்டுகிறேன். மின்சார மேலாண்மையில் பிஎம் என்று ஒரு தேர்வும் உறக்க நிலைக்கான பிஎம் ஸ்லீப் என்று இன்னொரு தேர்வும் உண்டு. பிஎம் ஸ்லீப் இருந்தால் பிஎம் இருக்கும். பிஎம் மட்டும் தனியாகவும் இருக்கலாம். ஆக மூன்று நிலைகள். சஸ்பெண்ட், ரெஸ்யூம் இரண்டையும் பிஎம் ஸ்லீப் என்ற இஃப்டெஃபுக்குள் வைக்கிறீர்கள். எச்சரிக்கை நின்றுவிடுகிறது. இப்போது சஸ்பெண்ட் மட்டும் அழைத்துவந்த ‘பதிவேடுகளைச் சேமி’ என்ற துணைச் செயற்கூறு எச்சரிக்கிறது. அதையும் உள்ளே இழுக்கிறீர்கள். ஆறு மாதம் கழித்து ஒருவர், கணினி ஓடும்போதே அந்தச் சாதனத்தை மட்டும் உறங்கவைக்கும் ரன்டைம் சஸ்பெண்ட் சேர்க்கிறார். அது பிஎம் இருந்தாலே போதும் என்ற வகை. அதுவும் அதே துணைச் செயற்கூற்றை அழைக்கிறது. அவர் கணினியில் இரண்டு தேர்வுகளும் இருப்பதால் சரியாக ஓடுகிறது. பிஎம் மட்டும் உள்ள கட்டமைப்பில் அந்தப் பெயரே இல்லை என்று பில்ட் உடைகிறது. எச்சரிக்கையாக இருந்தது பிழையாகிவிட்டது. திருத்த வருபவர் இன்னொரு நிபந்தனையைச் சேர்ப்பார், கோப்பு முழுக்க நிபந்தனைகள் வளரும்.

இஃப்டெஃபின் இன்னொரு கேடு வெளியே தெரியாது. தேர்வு அணைந்திருக்கும்போது உள்ளே இருக்கும் நிரலைக் கம்பைலர் பார்ப்பதே இல்லை. இலக்கணப் பிழை, வகைப் பிழை எதுவும் பிடிபடாது. அரிதாக இயக்கப்படும் தேர்வாக இருந்தால் உள்ளே இருப்பது மெல்ல அழுகும். லினக்ஸின் நிரல்நடை வழிகாட்டி இதனால்தான் சி கோப்புகளில் இஃப்டெஃப் போன்ற ப்ரீபிராசசர் நிபந்தனைகளைத் தவிர்க்கச் சொல்கிறது. நிபந்தனை வேண்டுமென்றால் தலைப்புக் கோப்பில் வையுங்கள். தேர்வு இல்லாதபோது ஒன்றும் செய்யாத ஸ்டாட்டிக் இன்லைன் போலி ஒன்றை அங்கேயே கொடுங்கள். சி கோப்பு இரண்டு நிலையிலும் நிபந்தனையின்றி அழைக்கட்டும் என்பது அதன் அறிவுரை.

செயற்கூறு உங்கள் சி கோப்பிலேயே இருந்தால் அதைவிட எளிய வழி இஸ் எனேபிள்டு மேக்ரோ. இது தேர்வைப் பொறுத்து 1 அல்லது 0 ஆகிறது. அதைச் சாதாரண இஃப் வாக்கியத்தில் வைத்து, உள்ளே செயற்கூற்றை அழையுங்கள். தேர்வு அணைந்திருந்தால் நிபந்தனை 0. கம்பைலர் அந்த அழைப்பைப் படிக்கிறது, வகைகளைச் சரிபார்க்கிறது, பயன்பட்டது என்று கணக்கில் எழுதிக்கொள்கிறது. அதன்பிறகு உகப்பாக்கும்போது அழைப்பையும் செயற்கூற்றையும் சேர்த்துத் தூக்கிவிடுகிறது. எச்சரிக்கை இல்லை, பைனரியில் ஒரு பைட்கூடக் கூடவில்லை, நிரலும் எல்லாக் கட்டமைப்பிலும் சோதிக்கப்பட்டது. இதற்கு ஒரே ஓர் எல்லை: உள்ளே குறிப்பிடும் பெயர்கள் எல்லாம் எப்போதும் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். தேர்வு அணைந்தால் ஸ்ட்ரக்ட் என்ற தரவுத் தொகுப்பின் ஓர் உறுப்பே இல்லாமல் போகும் இடங்கள் உண்டு. அங்கே இஸ் எனேபிள்டு உதவாது. இஃப்டெஃப்தான் வழி, அல்லது தலைப்புக் கோப்பில் ஓர் அணுகு செயற்கூறு.

உங்கள் சஸ்பெண்ட், ரெஸ்யூம் நேரடியாக அழைக்கப்படுவதில்லை. பிஎம் ஆப்ஸ் என்ற ஸ்ட்ரக்ட்டில் பாயிண்டர்களாக, அதாவது முகவரிகளாக, வைக்கப்படுகின்றன. பழைய மேக்ரோக்கள், அதாவது பெயர் செட் என்று தொடங்குபவை, தேர்வு அணைந்திருந்தால் வெறுமையாக விரியும். கொடுத்த பெயர்கள் காற்றில் கரைந்துவிடும். உங்களுக்கு வந்த எச்சரிக்கையின் வேர் இதுதான். அதனால்தான் பழைய ட்ரைவர்கள் பலவற்றில் சஸ்பெண்ட் செயற்கூற்றின் முன் மேபி அன்யூஸ்டு நிற்கிறது. 5.17இல் வந்த புதிய மேக்ரோக்கள் பெயரைக் கரைப்பதில்லை. பிஎம் ஸ்லீப் பிடிஆர் என்ற மேக்ரோ, தேர்வு இருந்தால் கொடுத்த பாயிண்டரையும் இல்லாவிட்டால் எதையும் சுட்டாத நல் பாயிண்டரையும் தரும் ஒரு நிபந்தனைக் கோவை. பெயர் கோவைக்குள் இருப்பதால் பயன்பட்டதாகவே கணக்கு. டிஃபைன் சிம்பிள் டெவ் பிஎம் ஆப்ஸ் என்பதைக் கொண்டு உங்கள் ஸ்ட்ரக்ட்டை ஸ்டாட்டிக்காக அறிவியுங்கள். ட்ரைவர் ஸ்ட்ரக்ட்டின் பிஎம் உறுப்பில் அதன் முகவரியை பிஎம் ஸ்லீப் பிடிஆர் வழியாகக் கொடுங்கள். இஃப்டெஃப், அட்ரிபியூட் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ரன்டைம் சஸ்பெண்டும் சேர்ந்தால் டிஃபைன் ரன்டைம் டெவ் பிஎம் ஆப்ஸ் என்பதும், ஸ்லீப் என்ற சொல் இல்லாத பிஎம் பிடிஆரும்.

கடைசியில் உள்ள அந்தப் பிடிஆர் மேக்ரோவைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டாலும் கம்பைல் ஆகும், எச்சரிக்கையும் வராது. ஆனால் வெறும் நல்களால் நிரம்பிய ஸ்ட்ரக்ட் ஒன்று பைனரியில் தங்கிவிடும். மறக்காமல் போடுங்கள்.

அட்ரிபியூட்டை முற்றிலும் வெறுக்கவும் வேண்டாம். நிரல்நடை வழிகாட்டியே, சில கட்டமைப்புகளில் பயன்படாமல் போகக்கூடிய செயற்கூற்றை ப்ரீபிராசசர் நிபந்தனைக்குள் வைப்பதைவிட மேபி அன்யூஸ்டு என்று குறிப்பதே மேல் என்கிறது. எப்போதும் பயன்படாததை அழித்துவிடு என்றும் அடுத்த வரியில் சொல்கிறது. ‘பயன்படாமல் போகலாம்’ என்பது ஓர் உறுதிமொழி: குறைந்தது ஒரு கட்டமைப்பிலாவது இது பயன்படுகிறது என்று நீங்கள் அடுத்துப் படிப்பவருக்குச் சொல்கிறீர்கள். அது உண்மையாக இருந்தால் ஒட்டுங்கள். எந்தக் கட்டமைப்பு என்று உங்களால் பெயர் சொல்ல முடியாவிட்டால் ஒட்டாதீர்கள். இந்த அட்ரிபியூட்டின் பெரிய குறை, அது காலாவதி ஆவதில்லை. என் நெட்வொர்க் ட்ரைவரில் நடந்ததைப் போல, அழைப்பவர் போனபின்னும் அது வாய்மூடிக் கிடக்கும். ரஸ்ட் மொழியில் 2024இல் 1.81 பதிப்போடு நிலைபெற்ற எக்ஸ்பெக்ட் அட்ரிபியூட் எனக்கு மிகவும் பிடித்திருப்பது இதனால்தான்: எதிர்பார்த்த எச்சரிக்கை வராமல் போனால் அதையே எச்சரிக்கையாகச் சொல்கிறது. சி மொழியில் அப்படி ஒன்று இல்லை. சி23 இந்த அட்ரிபியூட்டைத் தரத்துக்குள் கொண்டுவந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அழைப்பவர் இருக்கிறார், ஆனால் கம்பைலருக்குத் தெரியவில்லை என்ற நிலை வேறு. சொந்தமாக ஒரு சிறிய கெர்னல் எழுதுபவர்கள் அதிகமாக அடிபடும் இடம் இது. குறுக்கீடு வந்ததும் ஓர் அசெம்ப்ளித் துண்டு பதிவேடுகளைச் சேமித்துவிட்டு ஒரு சி செயற்கூற்றை அழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அசெம்ப்ளி அதே சி கோப்பில் சர வடிவில் எழுதப்பட்டிருந்தால், சரத்துக்குள் இருக்கும் பெயரைக் கம்பைலர் படிக்காது. செயற்கூறு ஸ்டாட்டிக் என்றால் எச்சரிக்கை வரும். இங்கே மேபி அன்யூஸ்டு போட்டால் எச்சரிக்கை நிற்கும். செயற்கூறும் போய்விடும், ஏனென்றால் அந்த அட்ரிபியூட் எச்சரிக்கையை மட்டுமே அடக்குகிறது, நிரலைத் தக்கவைப்பதில்லை. அசெம்ப்ளி கேட்கும் பெயர் இல்லை என்று லிங்கர் நிற்கும். இங்கே வேண்டியது யூஸ்டு. ஜிசிசி எழுத்துவடிவில் அன்யூஸ்டு, யூஸ்டு இரண்டுக்கும் இடையே இரண்டே எழுத்துகள்தான் வேறுபாடு, பொருளோ நேர்எதிர். ஒன்று ‘இதைத் தூக்கினாலும் பரவாயில்லை, பேசாதே’ என்கிறது. மற்றது ‘உனக்குத் தெரியாத ஒருவர் இதைக் கேட்பார், கட்டாயம் வைத்திரு’ என்கிறது. லினக்ஸின் எக்ஸ்86 பகுதியில், அசெம்ப்ளியிலிருந்து மட்டும் அழைக்கப்படும் டிராம்போலின் (இடைத்தாவல்) கையாளிகளில் யூஸ்டு இருப்பதைப் பார்க்கலாம்.

ஸ்டாட்டிக்கை எடுத்துவிட்டாலும் எச்சரிக்கை போய்விடுமே என்று தோன்றும். தனி அசெம்ப்ளிக் கோப்பிலிருந்து அழைப்பதானால் எடுத்துத்தான் ஆக வேண்டும். அப்போது தலைப்புக் கோப்பில் முன்னறிவிப்பும் எழுதுங்கள். வெறுமனே எச்சரிக்கையை ஏமாற்ற எடுத்தீர்களானால் பெயர் கெர்னல் முழுக்கப் பரவும், பயன்படாத நிரல் பைனரியில் தங்கும். 6.8 கெர்னலிலிருந்து முன்னறிவிப்பில்லாத பொதுச் செயற்கூறுகளுக்கான எச்சரிக்கை இயல்பாகவே இயங்குகிறது. ஒரு கதவை மூடினால் அடுத்த கதவில் அதே ஆள் நிற்பார்.

லிங்கரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெர்னல்களில் தொடக்கச் செயற்கூறுகளை ஒரு தனிப் பிரிவில் பாயிண்டர்களாக அடுக்கிவைத்து, துவங்கும்போது அந்தப் பிரிவின் முதலிலிருந்து கடைசிவரை ஒவ்வொன்றாக அழைப்பது வழக்கம். அந்தப் பாயிண்டர் மாறிகளைப் பெயர் சொல்லி யாரும் குறிப்பிடுவதில்லை. யூஸ்டு போட்டால் கம்பைலர் விட்டுவைக்கும். ஆனால் பயன்படாத பிரிவுகளைக் குப்பையாக அள்ளச் சொல்லும் ஜிசி செக்‌ஷன்ஸ் கொடியோடு லிங்க் செய்தால் லிங்கர் அந்தப் பிரிவைத் தூக்கிவிடலாம். பிழை வராது, எச்சரிக்கை வராது. கெர்னல் துவங்கும், உங்கள் ட்ரைவர் மட்டும் உயிர்பெறாது. லிங்கர் ஸ்கிரிப்டில் அந்தப் பிரிவைக் கீப் என்பதற்குள் வைத்தால் தப்பிக்கும். ஜிசிசி 11இலிருந்து ரீடெயின் என்ற அட்ரிபியூட்டும் இருக்கிறது. லிங்கரும் புதியதாக இருந்தால் அது அதே வேலையைச் செய்யும். நானாக இருந்தால் லிங்கர் ஸ்கிரிப்டில்தான் எழுதுவேன், ஏனென்றால் பிரிவு முழுவதையும் பற்றிய முடிவு அது.

பிழைதேடும் செய்திகளில் மட்டும் பயன்படும் செயற்கூறுகள் இன்னொரு வகை. பிழைதேடல் மேக்ரோ அணைந்திருக்கும்போது வெறுமையாக விரிந்தால், அதற்குள் அழைத்த ‘நிலையை எழுத்தாக்கு’ போன்ற செயற்கூறு அநாதையாகிவிடும். குற்றம் மேக்ரோவுடையது. அதை, நிபந்தனை 0 ஆக உள்ள சாதாரண சி இஃப் வாக்கியமாக (ப்ரீபிராசசர் இஃப் அல்ல) எழுதினால் தீர்ந்தது. லினக்ஸின் நோ பிரிண்ட்கே அப்படித்தான் செய்கிறது, வடிவச் சரத்தின் வகைச் சரிபார்ப்பும் இலவசமாகக் கிடைக்கிறது. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில், உறுதிசெய்யும் சோதனைகளில் மட்டும் பயன்படும் மாறிகளுக்கு டயக்யூஸ்டு என்று தனிக் குறியே வைத்திருக்கிறார்கள். ஏன் பயன்படாமல் போகிறது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. வெறும் மேபி அன்யூஸ்டைவிட அது எவ்வளவோ நேர்மையானது.

பேட்ச் வரிசையாக அனுப்புபவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் பேட்ச்சில் துணைச் செயற்கூறு, இரண்டாவதில் அதை அழைப்பவர் என்று பிரித்தால் படிக்க அழகாக இருக்கும். ஆனால் முதல் பேட்ச்சில் நிற்கும்போது எச்சரிக்கை வரும். எச்சரிக்கைகளைப் பிழையாக்கும், 5.15இல் வந்த வெர்ரர் தேர்வு இயக்கத்தில் இருந்தால் அது எச்சரிக்கை அல்ல, பிழை. பழுது எந்தப் பேட்ச்சில் வந்தது என்று பின்னொரு நாள் கிட் பைசெக்ட் மூலம் தேடுபவர் அந்தப் பேட்ச்சில் விழுந்தால் பில்டே ஆகாது. இரண்டையும் ஒன்றாக்குங்கள். மிகப் பெரியதாக இருந்தால் முதல் பேட்ச்சில் அட்ரிபியூட் ஒட்டி, அழைப்பவர் வரும் பேட்ச்சிலேயே மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

எச்சரிக்கையை மேக்ஃபைலில் அணைப்பது பற்றிக் கேட்டீர்கள். உங்கள் சொந்த நிரலுக்கு வேண்டாம். 512 கேபி கதையைச் சொன்னபின் வேறு காரணம் தேவையில்லை. எம்ஐடியின் பாடக் கெர்னலான எக்ஸ்வி6 எல்லா எச்சரிக்கைகளையும் பிழையாக்கும் கொடியோடுதான் கம்பைல் ஆகிறது. மாணவர்கள் அதோடு வாழப் பழகுகிறார்கள். தானாக உருவாக்கப்பட்ட நிரலில்கூட முதலில் உருவாக்கியைக் கேளுங்கள். விதிகளிலிருந்து சொற்பகுப்பியை எழுதித்தரும் ஃப்ளெக்ஸ் உருவாக்கும் கோப்பில் அன்புட், இன்புட் என்ற இரண்டு ஸ்டாட்டிக் செயற்கூறுகள் எச்சரிக்கும். விதிக் கோப்பில் நோஅன்புட், நோஇன்புட் என்ற விருப்பங்களைச் சேர்த்தால் அவை உருவாகவே மாட்டா. வெளியிலிருந்து அப்படியே எடுத்துவந்த, நீங்கள் தொடவே கூடாத கோப்பு என்றால் மட்டும் அந்த ஒரு ஆப்ஜெக்ட்டுக்கு மட்டும் கொடியை அணையுங்கள். அடைவு முழுவதற்கும் வேண்டாம்.

மாற்றிய பிறகு எப்படிச் சோதிப்பது? உங்கள் கணினியின் கான்ஃபிக் ஒன்று மட்டும் போதாது என்பதை நீங்களே அனுபவித்துவிட்டீர்கள். பிஎம் ஸ்லீப் தேர்வை நேரடியாக அணைக்க முடியாது. சஸ்பெண்ட், ஹைபர்னேட் தேர்வுகள் இரண்டையும் அணைத்தால் அது தானே விழும். ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் உள்ள கான்ஃபிக் கருவியால் அவற்றை அணைத்து, புதிய தேர்வுகளுக்கு இயல்பு மதிப்பைத் தரும் ஓல்டுடெஃப்கான்ஃபிக் ஓட்டி, பிறகு கான்ஃபிக் கோப்பைத் திறந்து உண்மையிலேயே விழுந்ததா என்று பாருங்கள். வேறு ஏதாவது தேர்வு அதை இழுத்துப் பிடித்திருக்கலாம். முழுக் கெர்னலையும் கம்பைல் செய்ய வேண்டாம். மேக் கட்டளைக்கு உங்கள் ஆப்ஜெக்ட் கோப்பின் பாதையையும் கூடுதல் எச்சரிக்கைகளைக் கேட்கும் டபிள்யூ=1 என்பதையும் கொடுத்தால் சில நொடிகளில் முடிந்துவிடும். எல்லாம் இருக்கும் நிலை, பிஎம் மட்டும் இருக்கும் நிலை, இரண்டும் இல்லாத நிலை என்று மூன்று முறை. ஒவ்வொன்றையும் எல்எல்விஎம்=1 சேர்த்துக் கிளாங்கிலும் ஒருமுறை. ட்ரைவரை மாட்யூலாகவும் உள்ளமைந்ததாகவும் மாற்றிப் பாருங்கள். நேரமிருந்தால் இரவில், தேர்வுகளைத் தற்செயலாக மாற்றும் ராண்ட்கான்ஃபிக்கைச் சுற்றவிட்டு, உங்கள் ட்ரைவர் தேர்வை மட்டும் கட்டாயமாக இயக்கி, காலையில் வெளியீட்டில் உங்கள் கோப்பின் பெயரைத் தேடுங்கள். உங்கள் இரண்டு செயற்கூறுகளும் அந்த மூன்று நிலைகளிலும் அமைதியாகக் கம்பைல் ஆகி, பிஎம் ஸ்லீப் இல்லாத ஆப்ஜெக்ட் கோப்பில், பெயர்களைப் பட்டியலிடும் என்எம் கட்டளைக்கு அவற்றின் பெயர்கள் தட்டுப்படாமல் இருந்தால் பேட்ச்சை அனுப்பலாம்.